மூன்று பேர் வாங்கிய செஸ்னாவை ஒருவன் விற்ற கதை

எங்களிடம் ஒரு செஸ்னா 172 விமானம் இருந்தது. 1978 மாடல், நான்கு சீட், ஒற்றை இன்ஜின். நான் அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவன். கூட்டாளிகளில் ஒருவர் எலும்பு டாக்டர், இன்னொருவன் என்னோடு பள்ளியில் படித்தவன், இப்போது துபாயில் இருக்கிறான். மூன்று பேரும் முப்பது வயதுக்கு மேல் விமானம் ஓட்டக் கற்று, தனியார் பைலட் லைசென்ஸ் வாங்கியவர்கள். 2012-ல் சேர்ந்து 32 லட்சத்துக்கு வாங்கினோம். "சொந்தமா பிளேன் வெச்சிருக்கீங்களா?" என்று வாயைப் பிளந்தவர்களிடம், ஆளுக்குப் பத்து லட்சத்துச் சொச்சம்தான், ரோட்டில் போகிற பாதி காருக்கு அதைவிட விலை ஜாஸ்தி என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. வாங்குவது பெரிய விஷயமே இல்லை. விற்பதுதான் உயிர் போகிற வேலை. ஒன்றரை வருஷம் இழுத்தது. கடைசியில் 34 லட்சத்துக்குப் போனது. அந்த ஒன்றரை வருஷத்தில் விற்பதற்கென்று ஆன செலவு மட்டும் பதினான்கு லட்சத்துக்கு மேல். சென்னையில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைப்பது கஷ்டம். சின்ன விமானம் வைத்திருப்பவர்களே குறைவு, விற்றவர்கள் அதிலும் குறைவு, விற்றவர்கள் வாயைத் திறப்பதும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2023 நடுவில் விற்கலாம் என்று முடிவானது. நண்பன் துபாய் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. டாக்டருக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் ஆபரேஷன். மீனம்பாக்கத்தில் பெரிய விமானங்களுக்கு நடுவே நம்மைப் போன்றவர்களுக்குப் பறக்க நேரம் கிடைப்பதே வரவர அபூர்வமாகிவிட்டது. விமானத்தை நிறுத்துகிற கொட்டகைக்கு, ஹேங்கர் என்பார்கள், வாடகை மட்டும் மாசம் 28 ஆயிரம். தனியார் உபயோகத்துக்குப் பதிவான விமானத்தை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கவும் சட்டம் இடம் கொடுக்காது. விற்பது என்று முடிவெடுத்த அன்றே துபாய்க்காரன் போனில் சொன்ன வார்த்தை இது: "மச்சான், விக்கப் போற வண்டிக்கு எதுக்குடா பெட்ரோல் செலவு? அப்படியே மூடி வை." டாக்டரும் சரி என்றார். மூன்றில் இரண்டு ஓட்டு, தீர்மானம் நிறைவேறியது. அப்புறம் வந்த தொல்லைகளில் பாதிக்கு மேல் அந்தத் தீர்மானத்தில் இருந்துதான் முளைத்தன.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் விமானத்தில் இருந்தது லைகமிங் கம்பெனியின் இன்ஜின். அதில் வால்வுகளைத் திறக்க வைக்கிற கேம் ஷாஃப்ட் என்ற தண்டு இன்ஜினின் மேல் பக்கம் உட்கார்ந்திருக்கும். இன்ஜின் ஓடாமல் நின்றால் அதன் மேலிருக்கிற ஆயில் மெல்ல மெல்லக் கீழே வடிந்துவிடும், இரும்பு காற்றுக்குத் திறந்து கிடக்கும். மீனம்பாக்கத்தில் இருந்து கடல் ரொம்ப தூரம் இல்லை. சென்னையின் உப்புக் காற்றைப் பற்றி, ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துரு பிடித்த கேம் ஷாஃப்ட்டை மறுபடி ஓட்டினால் அது லிஃப்டரின், அதாவது அதன் மேல் உரசி வால்வைத் தள்ளுகிற துண்டின், முகத்தைத் தின்ன ஆரம்பிக்கும். வாரம் ஒருமுறை தரையிலேயே ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓட்டி அணைத்தால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது சும்மா விடுவதைவிட மோசம். எரிபொருள் எரியும்போது உண்டாகிற ஈரம் ஆயிலில் கலக்கும், ஆனால் அதை விரட்டும் அளவுக்குச் சூடு ஏறாது. ஒரு மணி நேரமாவது பறந்து ஆயில் நன்றாகச் சூடானால்தான் ஈரம் போகும். ஆகவே விற்கப் போகிறீர்களா, விற்கிற நாள் வரை பறந்துகொண்டே இருங்கள். பறக்க ஆள் இல்லையென்றால், இன்ஜின் கம்பெனி சொல்கிற முறைப்படி பாதுகாப்பு ஆயில் ஊற்றி, ஈரம் உறிஞ்சும் பிளக் போட்டு, அதை லாக் புக்கிலும் எழுதி வையுங்கள்.

லாக் புக் என்றதும் நினைவு வருகிறது. நிலம் வாங்கும்போது நாம் தாய்ப்பத்திரம் கேட்கிறோம், வில்லங்கம் பார்க்கிறோம் இல்லையா, இங்கே அந்த வேலையைச் செய்வது லாக் புக்தான். விமானத்தின் உடலுக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று, ப்ரொப்பெல்லருக்கு ஒன்று. முதல் நாளில் இருந்து எத்தனை மணி நேரம் பறந்தது, எதை மாற்றினார்கள், யார் கையெழுத்து என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். எங்களுடையதில் 1990-களின் நடுவில் சில மாதங்களுக்குப் பதிவே இல்லை. நாங்கள் வாங்கும்போது அதைப் பற்றி யாரும் பேசவில்லை. விற்கப் போனபோது வந்தவர்கள் அத்தனை பேரும் அந்த இடத்தில்தான் விரலை வைத்தார்கள். "இந்தக் கேப்ல ஏதாவது ஆக்சிடென்ட் ஆச்சா?" ஆகவில்லை என்று நிரூபிக்க முடியாது, ஆகாததற்கு ஏது ஆதாரம்? அதற்காகவே விலையில் இரண்டு லட்சம் குறைக்கக் கேட்டார் ஒருவர். உங்களிடம் விமானம் இருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து எல்லா லாக் புக்கையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்துவிடுங்கள். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி கூட்டாளி வீட்டில். கூடவே பாதுகாப்புக்காக விமானத் துறை போடுகிற கட்டாய உத்தரவுகள் எதையெல்லாம் எப்போது நிறைவேற்றியிருக்கிறது என்று ஒரு பட்டியல். ஏ.டி. என்று சொல்வார்கள். உதாரணமாக, செஸ்னாவில் பைலட் சீட் நகர்கிற தண்டவாளத்தின் துளைகள் தேய்ந்திருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்லி ஒரு உத்தரவு உண்டு. சாதாரண விஷயம் மாதிரித் தோன்றும். மேலே ஏறும்போது சீட் பின்னால் வழுக்கி, பைலட்டின் கை ஸ்டியரிங்கோடு பின்னால் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் தெரியும் ஏன் அந்த உத்தரவு என்று.

சென்னை விமானத்துக்கென்றே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. எந்த ஊரில் இருந்து வந்த பார்ட்டியாக இருந்தாலும் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கேட்டுவிடுவார்கள்: "2015 டிசம்பர்ல பிளேன் எங்க இருந்துச்சு?" அடையாற்றில் வெள்ளம் வந்து விமான நிலையமே நாள் கணக்கில் மூடிக் கிடந்ததை நாடே டிவியில் பார்த்தது. இரண்டாவது ஓடுதளம் ஆற்றின் மேலேயே பாலம் போட்டுப் போகிறது. நல்ல வேளை, அதற்கு முன்பே, அந்த நவம்பர் கடைசியில் இருந்தே எங்கள் விமானம் கோயம்புத்தூரில் ஒரு ரிப்பேருக்காக நின்றது. தேதியோடு, என்ஜினியர் முத்திரையோடு லாக் புக்கில் பதிவு இருந்தது. அந்தப் பக்கத்தைக் காட்டியவுடன் எதிரில் இருப்பவர் முகமே மாறும். 2023 மிக்ஜாம் புயலின்போது மட்டும் மீனம்பாக்கத்தில்தான் இருந்தது. ஹேங்கர் தரையில் கொஞ்சம் தண்ணீர் நின்றது, சக்கரத்தில் பாதி உயரம்கூட ஏறவில்லை. எங்கள் விமானத்தைப் பார்த்துக்கொள்கிற பல்லாவரத்துப் பெரியவர், நாங்கள் அண்ணே என்று கூப்பிடுகிற லைசென்ஸ் பெற்ற என்ஜினியர், மறுவாரமே சக்கர பேரிங்கையும் பிரேக்கையும் கழற்றிப் பார்த்து, தண்ணீர் எதுவரை வந்தது என்று சென்டிமீட்டர் கணக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "சார், இன்னைக்கு இது வெட்டி வேலையா தெரியும், நாளைக்கு இதான் பேசும்" என்றார். பேசியது.

அடுத்தது ஏ.ஆர்.சி. விமானம் பறக்கத் தகுதியாக இருக்கிறது என்று வருஷா வருஷம் பரிசோதித்துக் கொடுக்கிற சான்றிதழ். இதைக் கவனிக்க அனுமதி பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன, கேமோ என்பார்கள், வருஷ ஒப்பந்தம் போட வேண்டும். எங்கள் ஏ.ஆர்.சி. 2024 மார்ச் வரை இருந்தது. அது உயிரோடு இருந்தபோது, 2023 டிசம்பர் கடைசியில், ஹைதராபாத்தில் இருந்து ஒருவர் 42 லட்சத்துக்குக் கேட்டார். நாங்கள் சொன்ன விலை 52. நான் கொடுத்துவிடலாம் என்றேன். டாக்டர் யோசித்தார். துபாய்க்காரன் 48-க்குக் கீழே கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றுவிட்டான். அமெரிக்காவில் இதே மாடல் என்ன விலைக்குப் போகிறது என்று ஸ்கிரீன் ஷாட்டாக அனுப்பிக்கொண்டே இருந்தான். அமெரிக்காவில் ஆயிரம் பேர் வாங்க இருக்கிறார்கள், இங்கே விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று சொன்னால் காதில் ஏறவில்லை. ஹைதராபாத்காரர் வேறு விமானம் பார்த்துக்கொண்டார். மார்ச்சில் ஏ.ஆர்.சி. முடிந்தது. "விக்கப் போற வண்டி" கொள்கைப்படி புதுப்பிக்கவும் இல்லை.

சான்றிதழ் முடிந்த விமானம் சட்டப்படி எழும்ப முடியாது. வாங்க வருபவர் ஓட்டிப் பார்க்க முடியாது, ஊருக்கு எடுத்துப்போக முடியாது. தனி அனுமதி வாங்கிப் பறக்கலாம், அதற்கும் என்ஜினியர் பரிசோதித்துத் தகுதி என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்ற வேண்டும். இத்தனையும் யோசித்துத்தான் அப்புறம் வந்தவர்கள் விலை கேட்டார்கள். ஒரு பயிற்சிப் பள்ளி 25 லட்சம், அதுவும் நான்கு தவணையில் என்றது. நான் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டேன். கூட்டாக வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: விளம்பரம் கொடுக்கிற முன்னால், எந்த விலைக்குக் கீழே போகக்கூடாது, எந்தத் தேதிக்குள் அந்த விலை வராவிட்டால் எவ்வளவு குறைப்பது, பறக்கிற செலவை யார் கொடுப்பது என்பதையெல்லாம் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் தம்ஸ்-அப் போடுவது கையெழுத்து ஆகாது.

நடுவில் ஒரு புரோக்கர் வந்தார். வடக்கே பெரிய ஊர், பெரிய பேச்சு, ஜெட் எல்லாம் விற்றுக் கொடுப்பாராம். ஒரு வருஷத்துக்கு அவர் ஒருவர் மூலமாக மட்டுமே விற்க வேண்டும், விளம்பரச் செலவுக்கு ஒன்றரை லட்சம் முன்பணம், விற்றால் ஐந்து சதவீதம். டாக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்த யாரோ சிபாரிசு செய்ததால் ஒத்துக்கொண்டோம். ஆறு மாசத்தில் அவர் செய்தது, நான் எடுத்த படங்களையே தன் பெயர் பொறித்து நான்கு இடத்தில் போட்டதுதான். ஒன்றரை லட்சம் திரும்பி வரவில்லை, வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய பிறகு ஒப்பந்தத்தில் இருந்து மட்டும் விடுதலை கிடைத்தது. எல்லாப் புரோக்கரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்பணம் கேட்கிறவரிடம் போகாதீர்கள், விற்ற பிறகு கமிஷன் என்றால் சரி. ஒருவருக்கு மட்டும் உரிமை கொடுப்பதானால் மூன்று மாசத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் இருந்து, பார்க்காமலே முழு விலைக்கு வாங்குகிறேன், கூடுதலாகக் காசோலை அனுப்புகிறேன், மிச்சத்தை என் ஷிப்பிங் ஆளுக்குக் கொடுத்துவிடு என்று மெயில் வரும். படித்துவிட்டு அழித்துவிடுங்கள்.

பார்க்க வருகிறவர்களிலும் பல ரகம். சும்மா ஒரு ரவுண்ட் போய் வரலாம், படம் எடுத்துக்கொள்ளலாம் என்று வருபவர்கள் பாதிப் பேர். மீனம்பாக்கத்தில் ஒருவரை ஹேங்கர் வரை அழைத்துப் போவதே சாதாரண காரியம் இல்லை. அவர் பெயரில் நுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அடையாள அட்டை கொடுக்க வேண்டும், கூடவே ஆள் போக வேண்டும், உள்ளே இஷ்டத்துக்குப் படம் எடுக்க முடியாது. ஒருவர் மாமனார், மைத்துனர், மைத்துனர் பையன் எல்லோருக்கும் பாஸ் கேட்டார். அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். லைசென்ஸ் இருக்கிறதா, இல்லையென்றால் யார் ஓட்டப் போகிறார்கள், எங்கே நிறுத்தப் போகிறார்கள் என்று போனிலேயே மூன்று கேள்வி. நிறுத்த இடம் யோசிக்காதவர் வாங்கப் போகிறவர் இல்லை. லாக் புக் ஸ்கேனை முதலில் அனுப்புவேன், அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்பவருக்கு மட்டும் பாஸ். ஓட்டிக் காட்டும்போதும் உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். பல பாலிசிகளில் பெயர் குறிப்பிட்ட பைலட்டுகள் ஓட்டினால்தான் காப்பீடு. வாங்க வந்தவர் கையில் கொடுத்து, அவர் இறக்கும்போது மூக்குச் சக்கரத்தை இடித்தால் அது உங்கள் பாக்கெட்.

2024 அக்டோபரில் பெங்களூரில் இருந்து ஒருவர் அழைத்தார். மென்பொருள் கம்பெனிக்காரர், வெளிநாட்டில் லைசென்ஸ் எடுத்தவர், அங்கே ஜக்கூரில் இருக்கிற சின்ன விமானதளத்தில் நிறுத்த இடம் பேசி வைத்திருந்தார். ஸ்கேனைப் படித்துவிட்டு இரண்டு பக்கத்துக்குக் கேள்விகள் அனுப்பினார். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்தது. தன் செலவில் ஒரு என்ஜினியரை அழைத்து வந்தார். வாங்குபவர் தன் செலவில் பரிசோதிக்கிறேன் என்றால் சந்தோஷப்படுங்கள், ஆனால் கூடவே நில்லுங்கள்.

அந்தப் பரிசோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்களுடையது 172-ல் 'N' மாடல், அதற்கு லைகமிங் ஓ-320-ஹெச்2ஏடி என்ற இன்ஜின், 160 குதிரைசக்தி. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெயரைக் கேட்டதும் ஒரு நிமிஷம் மௌனமாவார்கள். கேம் ஷாஃப்ட்டும் லிஃப்டரும் சீக்கிரம் தேய்கிறது என்று அதற்கு ஆரம்பத்திலேயே கெட்ட பெயர். அதற்காகவே 50 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஆயிலில் ஒரு தனிக் கலவை ஊற்ற வேண்டும் என்று கட்டாயம் உண்டு. என்ஜினியர் முதலில் லாக் புக்கில் அந்தக் கலவை ஊற்றிய பதிவுகளைத்தான் விரலால் எண்ணினார். பிறகு ஆயில் ஃபில்டரைக் கழற்றி, தகரத்தை வட்டமாக அறுத்து, உள்ளே இருந்த மடிப்புக் காகிதத்தைப் பிரித்துப் பிழிந்து வெள்ளைத் துணியில் விரித்தார். வெயிலில் பிடித்துத் திருப்பினார். எனக்கும் கண்ணில் பட்டது, மினுமினுவென்று நான்கைந்து துகள். மேலே காந்தத்தை நகர்த்தினார். சிலது அசையவில்லை, அது இரும்பு இல்லை. இரண்டு துகள் எழுந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாங்க வந்தவர் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஹேங்கர் கூரையைப் பார்த்தார்.

அடுத்து கம்ப்ரஷன். சிலிண்டருக்குள் 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றை விட்டு எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார்கள். 74, 76, 73 என்று மூன்று சிலிண்டர் நன்றாக நின்றன. மூன்றாம் நம்பர் சிலிண்டர் 61. காற்று எங்கே கசிகிறது என்று பார்க்க என்னை சைலென்சர் குழாயருகில் காதை வைக்கச் சொன்னார் அண்ணன். பட்டறைக்காரன் காது, சட்டென்று பிடிபட்டது. உஸ்ஸென்ற சத்தம் அங்கேதான் வந்தது, ஆயில் ஊற்றும் வாயில் இல்லை. அதாவது பிஸ்டன் ரிங் நன்றாக இருக்கிறது, எக்ஸாஸ்ட் வால்வுதான் சரியாக மூடவில்லை. 60-க்குக் கீழே போனால் சிலிண்டரைக் கழற்றுவதை யோசிக்க வேண்டும் என்பது கணக்கு, இது அதன் வாசலில் நின்றது. இந்த இன்ஜினில் ஒரு வசதி, நடு உடலைப் பிளக்காமலே லிஃப்டர்களை உருவி எடுத்துப் பார்க்கலாம். எட்டில் ஏழு கண்ணாடி மாதிரி இருந்தன. ஒன்றின் முகத்தில் ஊசி முனை அளவுக்கு நான்கைந்து குழிகள். ஓடாமல் நின்ற மாசங்கள் அந்தக் குழிகளில் இருந்தன. லிஃப்டரை மேஜை மேல் வைத்துப் படம் எடுத்து மற்ற இருவருக்கும் அனுப்பினேன். தலைப்பு எதுவும் போடவில்லை.

அப்புறம் பேரம். நான் 42 என்றேன், அவர் 30 என்றார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. இன்ஜினை நாங்கள் ஓவர்ஹால் செய்தது, அதாவது முழுதாகப் பிரித்துப் புதுப்பித்தது, 2014-ல். 2000 மணி நேரம் அல்லது 12 வருஷம், எது முதலில் வருகிறதோ அதோடு மறுபடி ஓவர்ஹால் என்பது கம்பெனி சொல்கிற கணக்கு. மணி நேரம் நிறைய பாக்கி இருந்தது, வருஷம்தான் இல்லை. இன்றைக்கு ஓவர்ஹால் என்றால் 30 லட்சம் பக்கம் ஆகும். விற்கிற முன்னால் ஓவர்ஹால் செய்துவிட்டால் நல்ல விலை வருமே என்று கேட்கலாம். போட்ட பணம் முழுதாகத் திரும்பாது, அந்த முடிவை வாங்குபவரிடம் விட்டுவிடுவதே மேல். ஆனால் பறக்கிற நிலையில் கொடுப்பது வேறு விஷயம். கடைசியில் 34 லட்சம், மூன்றாம் சிலிண்டரையும் அந்த லிஃப்டரையும் நாங்கள் மாற்றி, ஏ.ஆர்.சி. புதுப்பித்துக் கொடுப்பது என்று முடிந்தது. புது சிலிண்டர் வெளிநாட்டில் இருந்து வர, வரியோடு இரண்டு லட்சம். வருஷப் பரிசோதனை, கேமோ ஒப்பந்தம், ஏ.ஆர்.சி. எல்லாமாக நான்கு லட்சம். ஒழுங்காகப் பறந்து, ஒழுங்காகப் புதுப்பித்திருந்தால் அந்த வருஷத்துக்கு ஆகியிருக்கும் செலவைவிட இது அதிகம்.

காகித வேலைக்கு வருகிறேன். முன்பணமாக மூன்று லட்சம் வாங்கி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டோம். எந்தக் காரணத்துக்கு முன்பணம் திரும்பும், எதற்குத் திரும்பாது, எந்தத் தேதிக்குள் மீதி என்று தெளிவாக எழுதினோம். துபாய்க்காரன் வர முடியாததால் எனக்குப் பவர் கொடுத்தான். வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாசத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அது தெரியாமல் கூரியர் கவரை மேஜையில் போட்டுவைத்துக் காலம் கடந்தவர்களை எனக்குத் தெரியும். டாக்டர் ஆரம்பத்தில் தன் பங்குக்கு வங்கியில் கடன் வாங்கியிருந்தார், 2016-லேயே அடைத்துவிட்டார். ஆனால் பதிவில் வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. தடையில்லாச் சான்று வாங்கப் போனால் அந்த வங்கியே இன்னொன்றோடு இணைந்து, கிளையும் இடம் மாறியிருந்தது. பழைய கடன் கணக்கைத் தோண்டி எடுத்துக் கடிதம் வாங்க டாக்டரின் மனைவிதான் அலைந்தார், பாவம். கடன் அடைத்த வாரமே இதை முடித்திருந்தால் அரை நாள் வேலை. வாங்குபவரின் வக்கீல் இன்னொன்றும் கேட்டார், விமானம் முதன்முதலில் இந்தியாவுக்கு வந்தபோது சுங்கத்தில் கொடுத்த பில் ஆஃப் என்ட்ரி. பயிற்சிக்கென்று வரிச் சலுகையில் வந்த விமானத்தைப் பிறகு சொந்த உபயோகத்துக்கு விற்றால் சுங்கத்தில் இருந்து கேள்வி வரலாம் என்பதால் கேட்கிறார்கள். எங்களிடம் மங்கலான ஜெராக்ஸ் இருந்தது, தப்பித்தோம். விமானத்தைக் கம்பெனி பெயரில் வைத்து வருஷத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் காட்டியிருப்பவர்கள் விலை பேசுவதற்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள், விற்ற தொகை வரிக் கணக்கில் வேறு மாதிரி உட்காரும். விற்பனைப் பத்திரத்தின் வரைவைப் பழைய மாதிரியில் இருந்து எடுத்தால் அதில் 1934 விமானச் சட்டம் என்று இருக்கும். 2025 ஜனவரி 1 முதல் அதன் இடத்தில் பாரதிய வாயுயான் அதிநியம் வந்துவிட்டது, வக்கீலிடம் சொல்லி மாற்றுங்கள்.

பெயர் மாற்ற விண்ணப்பம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே போகிறது. விற்றதை நீங்களும் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் புதுப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர் செய்வார் என்று விட்டுவிடாதீர்கள், விண்ணப்ப எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ரேடியோவுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் லைசென்ஸ் தனி, அதுவும் உரிமையாளர் பெயரில்தான் இருக்கும், அவர் தன் பெயருக்கு வாங்க வேண்டும். மீதிப் பணம் மூன்று பேர் கணக்கிலும் ஏறிவிட்டது என்று வங்கி மெசேஜ் வந்த பிறகுதான் சாவியையும் லாக் புக்கையும் மேஜைக்கு எடுத்தேன். எண்ணிக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்கினேன். லாக் புக் போய்விட்டால் நம்மிடம் ஒன்றும் இல்லை.

எடுத்துப்போகிற நாளுக்குப் பெங்களூர்க்காரர் அம்மா நல்ல நேரம் குறித்து அனுப்பியிருந்தார். மீனம்பாக்கத்தில் கிளம்ப அவர்களுக்குக் கிடைத்த நேரம் சரியாக ராகு காலத்தின் நடுவில். மாற்றிக் கேட்டுப் பார்த்தார், அடுத்தது மறுநாள்தான் என்றார்கள். கடைசியில் நல்ல நேரத்திலேயே ஹேங்கரில் இருந்து இரண்டடி வெளியே தள்ளி நிறுத்தி, அதையே புறப்பாடாகக் கணக்கு வைத்துக்கொண்டார். எலுமிச்சம்பழத்தை மட்டும் அண்ணன் சக்கரத்தில் வைக்க விடவில்லை. விமானம் ஓடுதளத்துக்கு நகர்ந்து போகிற டாக்ஸி வேயில் ஒரு தோல் கிடந்தால்கூட விமான நிலையத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார்.

விற்று இரண்டு மாசம் கழித்து ஒரு நாள் பட்டறையில் இருக்கும்போது பெங்களூரில் இருந்து அழைப்பு. இஸ்ரோவின் தேடல் மீட்பு மையம். என் விமானத்தின் அபாயக் கருவி சிக்னல் கொடுக்கிறது, விமானம் எங்கே, எல்லோரும் பத்திரமா என்று கேட்டார்கள். ஒரு நிமிஷம் எனக்குக் கை கால் ஓடவில்லை. பெங்களூர்க்காரருக்குப் போன் போட்டால், ஹேங்கரில் மெக்கானிக் பேட்டரி மாற்றும்போது சுவிட்ச் தட்டிவிட்டதாம். 406 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிற இந்தக் கருவியை உரிமையாளர் பெயர், போன் நம்பரோடு அந்த மையத்தில் பதிவு செய்திருப்போம். செயற்கைக்கோள் வழியாக அதன் சிக்னல் வந்தால் முதலில் அந்த நம்பருக்குத்தான் அழைப்பார்கள். விற்ற அன்றே அதை மாற்றிவிடுங்கள், மாற்றியதற்கு மெயிலில் உறுதி வாங்குங்கள். எங்கேயோ உண்மையிலேயே விழுந்துவிட்டால், உங்களுக்குப் போன் செய்து விசாரிப்பதில் போகிற நேரம் அவர்களுடைய நேரம்.

இன்ஷூரன்ஸில் மீதி மாசங்களுக்கான பணம் கேட்டு எழுதினேன், ஒரு பகுதி திரும்ப வந்தது. கேட்டால்தான் தருவார்கள். எல்லாம் கழித்து ஆளுக்கு ஆறரை லட்சம் சொச்சம் நின்றது. புரோக்கருக்குப் போன ஒன்றரை லட்சத்தை டாக்டர் தன் பங்கில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டார், நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஏ.ஆர்.சி. விட்டுப்போனதால் ஆன கூடுதல் செலவை யார் ஏற்பது என்று துபாய்க்கு ஒரு கணக்குத் தாள் அனுப்பியிருக்கிறேன். நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.